காற்றும் வெப்பமும்: பழைய மஸில் காருக்கு டர்போ பொருத்துவது பற்றி

1964ஆம் ஆண்டு பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுள்ள தன் கார் ஒன்றில், பெரிய கார்களுக்கென்று செய்த 389 கன அங்குல வி-8 எஞ்சினை வைத்து ஜி.டி.ஓ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. நம் கணக்கில் அது 6.4 லிட்டர். அமெரிக்காவின் மஸில் கார் யுகம் பெரும்பாலும் அந்த வண்டியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. அந்த யுகத்தின் சூத்திரம் மிக எளியது: இலகுவான உடல், பெரிய எஞ்சின், மலிவான பெட்ரோல். 1970இல் செவர்லே செவெல் காரில் வந்த எல்.எஸ்-6 எஞ்சின் 454 கன அங்குலம், அதாவது 7.4 லிட்டர், விளம்பரத்தில் அதன் திறன் 450 குதிரைத்திறன். வேகம் வேண்டுமா, சிலிண்டரைப் பெரிதாக்கு என்பதே டெட்ராய்ட்டின் பதிலாக இருந்தது. இன்று அந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலர் வேறு வழியில் போகிறார்கள். எஞ்சினின் அளவை அப்படியே விட்டுவிட்டு, கழிவு வாயுவால் சுழலும் டர்போசார்ஜரைப் பொருத்துகிறார்கள். டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கிறது, அதனால் திறன் கூடுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பாதி உண்மை. காற்றைத் திணிப்பது இந்த வேலையில் மிகச் சுலபமான பகுதி. திணித்த காற்றோடு சேர்ந்து வரும் வெப்பத்தை எப்படி அடக்குவது, சிலிண்டருக்குள் கடைசியாக எரிய வேண்டிய கலவை தன் முறை வருமுன் தானே வெடித்துவிடாமல் எப்படித் தடுப்பது என்பதே உண்மையான கேள்வி. ஒரு டர்போ அமைப்பில் உள்ள ஒவ்வொரு பாகத்தையும் அந்தக் கேள்விக்கான பதிலாகவே பார்க்க வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் காற்றின் கணக்கு. செவர்லேயின் புகழ்பெற்ற 350 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கமாரோ, நோவா, செவெல் எனப் பல கார்களில் வந்ததால் இன்றும் எளிதில் கிடைக்கும் எஞ்சின் இது. கொள்ளளவு 5.7 லிட்டர். நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் முழுக் கொள்ளளவையும் உறிஞ்சும். நிமிடத்துக்கு 5,500 சுற்று சுழன்றால் 2,750 முறை; கணக்குப்படி ஏறத்தாழ 15,700 லிட்டர் காற்று. வால்வுகளும் குழாய்களும் தடுப்பதால் அதில் 85 சதவீதம் உள்ளே போகிறது என்று வைத்துக்கொண்டால் 13,300 லிட்டர். 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள காற்றில் இதன் எடை சுமார் 15 கிலோ. நிமிடத்துக்கு ஒரு கிலோ காற்று உள்ளே போனால் ஏறத்தாழ 22 குதிரைத்திறன் கிடைக்கும் என்பது எஞ்சின் கட்டுபவர்களின் கைக்கணக்கு. அதன்படி 330 குதிரைத்திறன். எஞ்சினின் திறனைத் தீர்மானிப்பது காற்றின் எடைதான் என்பதே இந்தக் கணக்கு சொல்லும் செய்தி. பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. அதை எரிக்கப் போதுமான ஆக்சிஜனை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். சிலிண்டரைப் பெரிதாக்கினாலும், வேகமாகச் சுழற்றினாலும், அழுத்தி அனுப்பினாலும் நோக்கம் ஒன்றே: ஒரு நிமிடத்தில் கூடுதல் கிலோ.

அழுத்தி அனுப்பும் யோசனைக்கு நூறாண்டுக்கும் மேல் வயதாகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905ஆம் ஆண்டிலேயே கழிவு வாயுவைக் கொண்டு காற்றழுத்தியைச் சுழற்றும் ஏற்பாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடான வாயுவாகப் புகைக்குழாய் வழியே வீணாகப் போகிறது. அதில் கொஞ்சத்தை ஒரு சிறு சுழலி பிடித்துக்கொண்டு, அதே தண்டின் மறுமுனையில் உள்ள காற்றழுத்தியைச் சுழற்றுகிறது. 1918இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ், லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றைக் கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், 4,300 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றில் 230 ஆக இறங்கியது. டர்போ பொருத்தியதும் 356ஐத் தொட்டது. டர்போவின் வெற்றிக் கதைகளில் இது தவறாமல் இடம்பெறும். ஆனால் அந்த மலையுச்சியில் டர்போ செய்த வேலையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். உயரத்தில் இழந்த அழுத்தத்தை அது மீட்டுக் கொடுத்தது. எஞ்சின் தரையில் ஏற்கெனவே தாங்கிய அழுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போகவில்லை. தரையில் ஓடும் காரில் டர்போவை வைக்கும்போது கதை மாறுகிறது. வடிவமைத்தவர்கள் எண்ணிப் பார்த்த எல்லைக்கு மேல் அந்த எஞ்சினைக் கொண்டுபோகிறோம். விமானத்தில் மருந்தாக இருந்தது காரில் அளவறிந்து கொடுக்க வேண்டிய மருந்தாகிவிடுகிறது.

அளவு ஏன் முக்கியம்? சைக்கிள் பம்பால் வேகமாகக் காற்றடித்தால் அதன் அடிப்பகுதி சுடுவது எல்லோருக்கும் தெரியும். டர்போவிலும் அதேதான் நடக்கிறது. சாலையில் ஓடும் மஸில் காருக்கு மிதமான அழுத்தம் என்று பலர் தேர்ந்தெடுப்பது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 8 பி.எஸ்.ஐ. அதாவது உள்ளே போகும் காற்றின் அழுத்தம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 30 பாகையில் உள்ளே வரும் காற்று, 72 சதவீதத் திறனுள்ள நல்ல காற்றழுத்தியிலிருந்து சுமார் 86 பாகையில் வெளியேறும். சூடான காற்று விரிந்து மெலிவதால், அழுத்தம் 54 சதவீதம் கூடியும் எடை 30 சதவீதம்தான் கூடுகிறது. அந்தக் காற்றை ஓர் இன்டர்கூலர் வழியே செலுத்தி 45 பாகைக்குக் குளிர்வித்தால், குழாய்களில் ஒரு பி.எஸ்.ஐ இழந்தாலும் எடை 40 சதவீதம் கூடும். அழுத்தம் குறைந்தும் காற்று கூடியது. டர்போ உலகில் அழுத்தமானி காட்டும் எண்ணை மட்டும் வைத்துப் பெருமை பேசுவது ஏன் அர்த்தமற்றது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். ஆனால் இன்டர்கூலரின் முக்கியப் பயன் அந்தப் பத்து சதவீதம் அல்ல. சிலிண்டருக்குள் பிஸ்டன் கலவையை எட்டு மடங்குக்கு மேல் நசுக்கும்போது அதன் தனிவெப்பநிலை ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆகவே வாசலில் குறைத்த 40 பாகை, பற்றவைக்கும் தறுவாயில் 80 பாகையாகப் பலன் தருகிறது. அந்த 80 பாகையில்தான் ஓர் எஞ்சின் பிழைப்பதும் உடைவதும் இருக்கிறது.

காரணம், மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் நிகழ்வு. ஸ்பார்க் பிளக் பொறியைத் தந்ததும் கலவை முழுவதும் ஒரே நொடியில் வெடிப்பதில்லை. பிளக்கின் முனையிலிருந்து தீ ஒரு சுவர்போல விரிந்து சிலிண்டரின் ஓரத்தை நோக்கி நகர்கிறது. 5,500 சுற்று வேகத்தில் இந்தப் பயணம் முழுவதும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள் முடிந்துவிடும். தீ நெருங்கும்போது, எரிந்த வாயு விரிந்து எரியாத பகுதியை மேலும் நசுக்குகிறது, சூடாக்குகிறது. அந்தக் கடைசிப் பகுதி போதுமான அளவு சூடாகி, போதுமான நேரமும் கிடைத்துவிட்டால், தீ வந்து சேருமுன் மொத்தமாகத் தானே பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதி எதிரொலிக்கிறது. நான்கு அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் அதன் அதிர்வெண் நொடிக்கு ஐந்தாயிரம் முதல் ஆறாயிரம். காதில் கற்களைக் குலுக்குவது போலக் கேட்கும் ஒலி அதுதான். ஒலியைவிட அதன் விளைவுதான் ஆபத்து. பிஸ்டனின் மேற்பரப்பையும் சுவர்களையும் ஒட்டிப் பாதுகாப்பாக நிற்கும் மெல்லிய வாயுப் படலத்தை அந்த அலை கிழித்துவிடுகிறது. தீயின் வெப்பம் நேராக அலுமினியத்தில் இறங்குகிறது. ரிங் அமரும் வரப்புகள் உடைகின்றன, ஹெட் கேஸ்கெட் பிய்ந்துவிடுகிறது, பிஸ்டனில் துளை விழுகிறது. டர்போ போட்டு உடைந்த எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தால், மிதமான அழுத்தத்தில் இரும்பு வலுவிழந்து உடைந்தவற்றைவிட நாக்கிங்கால் சிதைந்தவையே பொதுவானவை.

இந்த வாதத்துக்கு வரலாறு ஒரு நேரடிச் சான்று தருகிறது. மஸில் கார் யுகம் தொடங்குமுன்பே, 1962இல், ஜெனரல் மோட்டார்ஸ் டர்போ பொருத்திய இரண்டு கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அவற்றில் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயரின் 215 கன அங்குல அலுமினிய வி-8, கன அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 215 குதிரைத்திறன் தந்தது. டர்போவை காரெட் நிறுவனம் செய்தது. அழுத்தம் 5 பி.எஸ்.ஐ அளவில்தான் இருந்தது. சிக்கல் எஞ்சினின் அழுத்த விகிதத்தில், அதாவது பிஸ்டன் கலவையை நசுக்கும் மடங்கில், இருந்தது: அது 10.25க்கு 1. சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் மந்தமாகிவிடக் கூடாது என்பதற்காக அவ்வளவு உயர்வாகவே விகிதத்தை வைத்திருந்தார்கள். அந்த விகிதத்தோடு டர்போவும் சேர்ந்தால் நாக்கிங் உறுதி. அதைத் தடுக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை, டர்போ ராக்கெட் ஃப்ளூயிட் என்ற பெயரில், அழுத்தம் ஏறும்போதெல்லாம் காற்றோடு தெளிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். நீரும் மெத்தனாலும் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். அறிவியல் பிசகவே இல்லை. ஆனால் அந்தத் திரவத் தொட்டியை நிரப்பிவைக்க வேண்டிய பொறுப்பு கார் ஓட்டுபவரின் தலையில் விழுந்தது. தொட்டி காலியானால் டர்போவின் அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வு ஒன்று வேலைசெய்யும். கார் தன் வேகத்தை இழக்கும். 1963க்குப் பின் ஜெட்ஃபயர் நிறுத்தப்பட்டது. டர்போவைக் கழற்றி சாதாரணக் கார்புரேட்டரை மாட்டித்தர நிறுவனமே பின்னர் முன்வந்தது. மற்றொரு காரான செவர்லே கார்வேரின் டர்போ வகை, அழுத்த விகிதத்தை 8க்கு 1 எனக் குறைத்து, திரவம் எதுவுமின்றிச் சமாளித்தது. 150 குதிரைத்திறனில் தொடங்கி 1965இல் 180ஐ எட்டியது. அடக்கமான இலக்கை வைத்ததால் சில ஆண்டுகள் நீடித்தது. இரண்டிலும் சுழலிகள் தம் வேலையைச் செய்தன. வெப்பத்தை அடக்கும் வழிதான் அன்று முதிரவில்லை.

முதிராததற்குக் காரணம் அன்றைய எஞ்சின்களுக்குத் தம் நிலையைத் தாமே அறியும் புலன் இல்லை என்பது. 1960களின் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கும். வேகம் கூடும்போது எடைகள் வெளிப்பக்கம் விலகி, பொறி விழும் நேரத்தை முன்தள்ளும். பக்கவாட்டில் உள்ள வெற்றிடக் குப்பி, எஞ்சின் இலேசான சுமையில் ஓடும்போது இன்னும் கொஞ்சம் முன்தள்ளும். அதற்கு வேகமும் வெற்றிடமும் மட்டுமே தெரியும். உள்ளே வருவது 30 பாகைக் காற்றா, 90 பாகைக் காற்றா, பெட்ரோலின் ஆக்டேன் எவ்வளவு, எந்தச் சிலிண்டரில் நாக்கிங் தொடங்கிவிட்டது என்பதெல்லாம் அதன் அறிவுக்கு எட்டாதவை. கார்புரேட்டரும் அப்படியே: ஜெட் துளையின் அளவை ஒருமுறை தேர்ந்தெடுத்துவிட்டால் மாற்றமில்லை. 5,500 சுற்று வேகத்தில் கிராங்க் தண்டின் ஒரு பாகை என்பது 30 மைக்ரோநொடி. ஒவ்வொரு பி.எஸ்.ஐ அழுத்தத்துக்கும் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, ஏறத்தாழ ஒரு பாகை பின்வாங்க வேண்டும் என்பது தொடக்கக் கணக்கு. எடையும் ஸ்பிரிங்கும் செய்ய வேண்டிய வேலை அல்ல அது.

புலன் வந்த பிறகு என்ன ஆனது என்பதற்கும் ஜெனரல் மோட்டார்ஸிலேயே சான்று கிடைக்கிறது. 1980இல் வந்த பான்டியாக் ட்ரான்ஸ் ஆம் டர்போவின் 4.9 லிட்டர் வி-8, நாக்கிங்கை உணர்ந்து டைமிங்கைப் பின்வாங்கும் மின்னணு ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. ஆனால் பெட்ரோல் கார்புரேட்டர் வழியேதான் வந்தது, இன்டர்கூலர் இல்லை. கிடைத்தது 210 குதிரைத்திறன். இன்னொரு பக்கம் அதே குழுமத்தின் ப்யூக் பிரிவு தன் 3.8 லிட்டர் வி-6 எஞ்சினோடு 1978 முதல் டர்போ வேலையைத் தொடர்ந்தது. 1984இல் ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில் தனித்தனியே பெட்ரோலைத் தெளிக்கும் கணினிக் கட்டுப்பாடு வந்தது, டிஸ்ட்ரிபியூட்டர் நீங்கியது. 1986இல் இன்டர்கூலர் சேர்ந்தது. திறன் 235 ஆனது. 1987இல் அந்த எஞ்சினைக் கொண்ட ப்யூக் கிராண்ட் நேஷனல் கார் 245 குதிரைத்திறனோடு வந்தபோது, அதே ஆண்டின் செவர்லே கார்வெட்டில் இருந்த 5.7 லிட்டர் வி-8 தந்தது 240தான். 547 வண்டிகளே செய்யப்பட்ட அதன் ஜி.என்.எக்ஸ் வகையின் அறிவிக்கப்பட்ட திறன் 276. பான்டியாக்கைவிட ப்யூக்கின் எஞ்சின் ஒரு லிட்டருக்கு மேல் சிறியது, இரண்டு சிலிண்டர் குறைவு. இரண்டிலும் டர்போ தத்துவம் ஒன்றே. நடுவில் மாறியவை காற்றைக் குளிர்வித்ததும், பெட்ரோலை அளந்து தெளித்ததும், பொறியின் நேரத்தை நொடிக்கு நொடி திருத்தியதும்தான்.

இந்தப் பின்னணியோடு பழைய 350 எஞ்சினுக்குத் திரும்பினால், எதை முதலில் தேட வேண்டும் என்பது தெளிவாகிறது. இங்கே ஒரு முரண் காத்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் போற்றுவது 1970 வரையிலான, 11க்கு 1 அளவிலான உயர் அழுத்த விகிதம் கொண்ட எஞ்சின்களை. ஈயம் குறைந்த பெட்ரோலுக்கு ஆயத்தமாக ஜெனரல் மோட்டார்ஸ் 1971 முதல் விகிதங்களைக் குறைத்தது. 1975ஆம் ஆண்டுக் கார்வெட்டின் அடிப்படை 350 எஞ்சின், 8.5க்கு 1 விகிதத்தோடு வெறும் 165 குதிரைத்திறன் தந்து ஏளனத்துக்கு ஆளானது. டர்போ போடுபவருக்கு அந்த ஏளனப்பட்ட எஞ்சின்தான் நல்ல தொடக்கம். குறைந்த விகிதம் என்றால் பற்றவைக்குமுன் கலவை அடையும் வெப்பம் குறைவு. டர்போ கொண்டுவரும் கூடுதல் வெப்பத்துக்கு அங்கே இடம் இருக்கிறது. அடுத்தது பிஸ்டன் ரிங். வளையத்தின் இரு முனைகளுக்கும் நடுவே விடும் இடைவெளி, டர்போ இல்லாத நான்கு அங்குல சிலிண்டரில் ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். டர்போ எஞ்சினில் அதை 0.6 வரை அகலமாக்குவார்கள். கூடுதல் வெப்பத்தில் ரிங் நீளும். முனைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டால் ரிங் சுவரில் இறுகி, பிஸ்டனின் வரப்பை ஒடித்துவிடும். இரண்டு காகிதங்களின் தடிமன் அளவே உள்ள அந்த 0.2 மில்லிமீட்டர், அரத்தால் பொறுமையாகத் தேய்த்து அளந்து எடுக்க வேண்டியது. பல ஆயிரம் டாலர் டர்போவைக் காப்பது பெரும்பாலும் இத்தகைய காசு செலவில்லாத வேலைகளே.

டர்போவை மாட்டும் இடத்திலும் இதே தர்க்கம்தான். சுழலித் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போனாலும் வெளியே வரும்போது அழுத்தம் இராது. நுரைத்து, சூடேறி, புவியீர்ப்பால் மட்டுமே கீழே இறங்கும். ஆகவே திரும்பும் குழாய் உள்ளே போகும் குழாயைவிடப் பல மடங்கு அகலமாக இருக்க வேண்டும். எங்கும் தொய்யாமல் சரிவாக இறங்க வேண்டும். ஆயில் சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். பழைய காரின் எஞ்சின் அறை விசாலமானது என்ற தைரியத்தில் டர்போவைத் தாழ்வாக மாட்டிவிட்டால் எண்ணெய் திரும்ப வழியின்றித் தேங்கி, சீல் வழியே கசிந்து, புகையாக வெளியேறும். பலர் டர்போ பழுது என்று எண்ணி அதை மாற்றுவார்கள். பிரேக்கிலும் கவனம் தேவை. மஸில் கார்களின் பவர் பிரேக் எஞ்சினின் வெற்றிடத்தை நம்பி இயங்குகிறது. டர்போ அழுத்தம் தரும்போது அங்கே வெற்றிடம் இராது. அந்தக் குழாயில் உள்ள ஒருவழி வால்வு அழுத்தம் உள்ளே புகாமல் உறுதியாக மூடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். பெட்ரோல் பம்பும் கணக்கில் வரும்: அழுத்தத்தில் ஓடும்போது 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவில் கலவை செறிவாக இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 21 கிலோ காற்று போனால் ஒன்றே முக்கால் கிலோ பெட்ரோல் தடையின்றி வர வேண்டும். ஒரு நொடி குறைந்தாலும் கலவை வறண்டு, வெப்பம் ஏறி, நாக்கிங் வந்துவிடும். இவை அனைத்தையும் சரிபார்க்கும் கடைசிச் சான்று ஸ்பார்க் பிளக். நாக்கிங் மெல்ல எட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தால், கழற்றிய பிளக்கின் வெண்பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருக்கும். பளபளக்கும் வெள்ளித் துகள்கள் ஒட்டியிருந்தால் அது பிஸ்டனின் அலுமினியம். அதற்கு மேல் ஒரு முறைகூட முழு வேகத்தில் ஓட்டக் கூடாது.

இவ்வளவு பாடு எதற்கு, பெரிய எஞ்சினை வைத்தாலே போதுமே என்பது முதல் ஆட்சேபம். கொள்ளளவுக்கு மாற்று இல்லை என்பது மஸில் கார் உலகின் வேதவாக்கு. இதில் நியாயம் இருக்கிறது. பெரிய எஞ்சின் குறைந்த வேகத்திலேயே முழு முறுக்குவிசையைத் தரும்; காற்றைத் தனியே குளிர்விக்க வேண்டியதில்லை; பழுதாகும் பாகங்களும் குறைவு. 400 குதிரைத்திறன் மட்டும் போதும் என்பவருக்கு டர்போவைவிடப் பெரிய எஞ்சின்தான் சிக்கனமான வழி. ஆனால் மாற்றே இல்லை என்ற அளவுக்கு அந்த வாதத்தை நீட்டினால் முன்பு பார்த்த கிலோக் கணக்கோடு மோதுகிறது. எஞ்சினுக்குக் காற்று எந்த வழியில் வந்தது என்பது தெரியாது. 5.7 லிட்டர் எஞ்சினுக்கு 40 சதவீதம் கூடுதல் காற்று என்றால், அது 8 லிட்டர் எஞ்சினின் வேலையைச் செய்கிறது. வேறுபாடு என்னவென்றால், 8 லிட்டர் எஞ்சின் சிக்னலில் நிற்கும்போதும் 8 லிட்டராகவே பெட்ரோல் குடிக்கும். டர்போ எஞ்சின் கேட்கும்போது மட்டும் பெரிதாகும். கொள்ளளவுக்கு மாற்று உண்டு. அதற்கு விலை வெப்பத்தை ஆள்வது.

அழுத்தம் ஏறத் தாமதமாகுமே என்பது இரண்டாவது ஆட்சேபம். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சுழலி வேகமெடுக்கக் கணநேரம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் தாமதம் என்ற கெட்ட பெயர் பெரும்பாலும் சிறு எஞ்சினில் பெரிய டர்போ வைத்த கார்களால் வந்தது. ஐந்தாறு லிட்டர் வி-8 எஞ்சின் 2,500 சுற்றிலேயே ஏராளமான வாயுவை வெளியேற்றும். சுழலியின் உறையை அளவறிந்து தேர்ந்தெடுத்தாலோ, இரு பக்கமும் ஒவ்வொரு சிறு டர்போ வைத்தாலோ தாமதம் பெரும்பாலும் மறைந்துவிடும். பெல்ட்டால் சுழலும் சூப்பர்சார்ஜரில் தாமதமே இல்லை, அது போதாதா என்றும் கேட்கலாம். நம் எஞ்சினின் காற்றை 8 பி.எஸ்.ஐக்கு அழுத்த ஏறத்தாழ 20 கிலோவாட் தேவை. சூப்பர்சார்ஜர் அதை கிராங்க் தண்டிலிருந்தே பறிக்கிறது. டர்போ அதைப் புகைக்குழாய் வழியே போகும் சில நூறு கிலோவாட் வெப்பத்திலிருந்து எடுக்கிறது. இலவசம் என்று சொல்ல முடியாது: சுழலி வாயுவைத் தடுப்பதால் பிஸ்டன் அதை எதிர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும் கணக்கில் டர்போவுக்கே ஆதாயம். தவிர, வெப்பச் சிக்கல் இரண்டுக்கும் பொது. சூப்பர்சார்ஜரைத் தேர்ந்தெடுப்பவரும் நாக்கிங்கிலிருந்து தப்ப முடியாது.

எத்தனாலை நாடினால் இந்தக் கவலையெல்லாம் தீருமே என்பது கூர்மையான ஆட்சேபம். அமெரிக்காவில் இ-85 என்ற பெயரில் விற்கும் எரிபொருளில் பெரும்பகுதி எத்தனால். அதன் ஆக்டேன் உயர்வு. ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பத்தை உறிஞ்சும். ஜெட்ஃபயர் தனித் தொட்டியில் சுமந்த மருந்து, இங்கே எரிபொருளிலேயே கலந்து வருகிறது. ஆனால் இதனால் என் வாதம் வலுப்படவே செய்கிறது: எத்தனால் தரும் ஆதாயம் காற்றைக் கூட்டுவதால் வரவில்லை, வெப்பத்தைக் குறைப்பதால் வருகிறது. அதற்கும் விலை உண்டு. அதே திறனுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எரிபொருள் வேண்டும் என்பதால் பம்பும் இன்ஜெக்டர்களும் பெரிதாக வேண்டும். பழைய ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டும். பருவத்துக்குப் பருவம் எத்தனாலின் பங்கு மாறுவதால் அதை அளந்து டைமிங்கைத் திருத்தும் சென்சார் வேண்டும். நல்ல எரிபொருளும் அளவீட்டைத் தேவையற்றதாக்கிவிடவில்லை.

இனி அறிவியலைத் தாண்டிய ஆட்சேபம் ஒன்று: பழைய காரின் அசல் தன்மை கெட்டுவிடாதா? ஆலையில் பொருத்திய அதே எஞ்சினோடு இன்றும் எஞ்சியிருக்கும் அரிய வண்டிகளைப் பொறுத்தவரை இந்தக் கவலை முற்றிலும் நியாயமானது. அவை வரலாற்று ஆவணங்கள். அவற்றில் கை வைக்கக் கூடாது. ஆனால் லட்சக்கணக்கில் செய்யப்பட்டு, எஞ்சின் ஏற்கெனவே மூன்று முறை மாறிவிட்ட சாதாரணக் கமாரோவுக்கும் நோவாவுக்கும் அந்த மரியாதையைக் கோருவது பொருந்தாது. மஸில் கார் பண்பாடே வாங்கிய வண்டியை வாங்கியபடி வைத்திருக்காத இளைஞர்களால் உருவானது. 1962லேயே ஆலை டர்போ போட்டு விற்றிருக்கிறது என்பதால், டர்போ வெளியிலிருந்து வந்து நுழைந்த ஒன்றும் அல்ல. அன்று கைவிடப்பட்ட முயற்சியை இன்று தகுந்த கருவிகளோடு முடித்துவைக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், பணத்தை எந்த வரிசையில் செலவிட வேண்டும் என்ற நடைமுறைக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. பெரும்பாலோர் முதலில் வாங்குவது டர்போ, பிறகு குழாய்கள், மிச்சமிருந்தால் இன்டர்கூலர், கடைசியாக, பணம் தீர்ந்த நிலையில், அளவீட்டுக் கருவிகள். நாம் பார்த்த சான்றுகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கின்றன. புகைக்குழாயில் ஆக்சிஜன் அளவைத் துல்லியமாகச் சொல்லும் அகன்ற வீச்சு சென்சார், உள்ளே வரும் காற்றின் வெப்பமானி, நாக்கிங்கைக் கேட்கும் சென்சார், அவற்றின் சொல் கேட்டு டைமிங்கையும் எரிபொருளையும் மாற்றும் கணினி ஆகியவை முதலில். தாராளமான இன்டர்கூலரும் எரிபொருள் பம்பும் அடுத்து. அழுத்த விகிதமும் ரிங் இடைவெளியும் சரிபார்த்த எஞ்சின் அதற்கடுத்து. டர்போ கடைசியில் வந்தால் போதும். அதிலும் மிகப் பெரியது தேவையில்லை. 5 பி.எஸ்.ஐயில் தடுமாறிய ஜெட்ஃபயரின் பொறியாளர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்ல. சிலிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல அன்று எந்தக் கருவியும் காரில் இல்லை. அந்தக் கருவிகள் இன்று எவர் கைக்கும் எட்டும் விலையில் கிடைக்கும்போது அவற்றை வாங்காமல் டர்போவை மட்டும் பெரிதாக வாங்குபவர், 1962ஆம் ஆண்டின் சிக்கலை அதைவிடக் கூடுதலான அழுத்தத்தில் மீண்டும் விலைகொடுத்து வாங்குகிறார்.